முழுக்கல் மோகமும் துண்டுக்கல் நியாயமும்



போன மாதம் என் மகன் வீட்டுச் சமையல் மேடைக்குக் கல் பார்க்கப் போயிருந்தோம். புதுச்சேரியில் பழைய வீடு. இடிக்காமல், மாடியில் சமையல்கட்டை மட்டும் எடுத்துக் கட்டுகிறான். கிரானைட் கடை ஊருக்கு வெளியே, பெரிய சாலை ஓரத்தில் இருந்தது. பெயர் வேண்டாம்.

கடை முகப்பில் ஆளுயரப் பலகைகள் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். மகன் அங்கே நின்றான். என் கால்கள் வழக்கம்போல மதில் ஓரம் போயின. அங்கே வெயிலில் புழுதி படிந்து துண்டுக் கற்கள் குவிந்து கிடந்தன. மூன்றடி, நாலடி, சில ஆறடி கூட. ஒன்றைத் துடைத்துப் பார்த்தேன். உள்ளே நிற்கும் பலகையின் அதே கறுப்பு, அதே மினுமினுப்பு.

கடைப் பையன் ஓடிவந்தான். "ஐயா, அது கட் பீஸ். வாடகைக்கு விடுற வீட்டுக்கு வாங்குறது. சொந்த வீட்டுக்கு யாரும் போட மாட்டாங்க."

என் மகன் தரையைப் பார்த்தான். அப்பா மானத்தை வாங்குகிறாரே என்று நினைத்திருப்பான். நானும் அன்று ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன். ஆனால் அந்த ஒரு வாக்கியம் மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் கணக்கு. நான் அரசு அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். வந்த பில்லில் எழுதியிருக்கும் அளவும், இடத்தில் போட்ட அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே என் பிழைப்பு. அதனால் கணக்கைத் தவிர வேறு எதிலும் எனக்கு நம்பிக்கை வராது.

மகன் வீட்டு மேடை 'ட' வடிவம். ஒரு பக்கம் 10 அடி, மறு பக்கம் 6 அடி, அகலம் 2 அடி. மூலை இரண்டு பக்கத்துக்கும் பொது, அதை ஒரு முறைதான் எண்ண வேண்டும். ஆக 10 அடிக்கு 20 சதுர அடி, மீதி 4 அடிக்கு 8 சதுர அடி. மொத்தம் 28 சதுர அடி. கடையில் காட்டிய பலகை 10 அடிக்கு 6 அடி. அது 60 சதுர அடி. "முழுப் பலகைதான் எடுக்கணும் சார், அறுத்துக் கொடுத்தா மீதியை நான் என்ன பண்றது?" என்றார் முதலாளி. சதுர அடி 210 ரூபாய் என்று அவர் சொன்ன விலையில் போட்டால் 12,600 ரூபாய். அதில் நம் மேடையில் உட்காரும் கல்லின் விலை 5,880. மீதி 6,720 ரூபாய், நாம் பயன்படுத்தாத கல்லுக்கு.

அதே கறுப்பு, மதில் ஓரத்தில் சதுர அடி 100 ரூபாய். சேதாரம் சேர்த்து 30 சதுர அடி எடுத்தாலும் 3,000 ரூபாய்தான்.

இப்போது நான் கேட்கிறேன். மதில் ஓரத்தில் கிடக்கும் அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது? மலையில் துண்டாகவே விளைந்ததா? இல்லை. உங்களையும் என்னையும் போல ஒருவர் 60 சதுர அடிக்குப் பணம் கட்டிவிட்டு, 28 சதுர அடியை எடுத்துக்கொண்டு, மீதியை அங்கேயே விட்டுப் போனதால் வந்தது. ஒருமுறை முழு விலைக்கு விற்ற கல்லையே மறுமுறை பாதி விலைக்கு விற்கிறார்கள். எல்லாத் துண்டும் அப்படி வந்தது என்று சொல்லவில்லை. கடைக்காரர் தன் பொறுப்பில் அறுத்துக் கொடுத்த மிச்சமும் இருக்கும். ஆனால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1996-ல் நான் வீடு கட்டினேன். ஜி.பி.எஃப். பணத்தை எடுத்துக் கட்டிய வீடு. அப்போதுதான் எங்கள் தெருவில் கடப்பாக் கல்லை விட்டுவிட்டு கிரானைட்டுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். நானும் முழுப் பலகை வாங்கினேன். கறுப்பில் ஓரிடத்தில் ஆறு வளைந்து போவதுபோல ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோடு மேடையில் வரக்கூடாது என்றாள் என் மனைவி. சரி, அது மீதித் துண்டில் போகட்டும். அந்தத் துண்டில் பூஜை அலமாரிக்குத் தட்டும், துணி துவைக்க ஒரு கல்லும் போட்டுக்கொள்ளலாம் என்று திட்டம். "மீதியை நாளைக்கு டெம்போவில் அனுப்பிடறோம் சார்" என்றார்கள். நாளை வரவில்லை. ஒரு வாரம் கழித்துப் போனேன். "உடைஞ்சு போச்சு சார்."

இரண்டு மாதம் கழித்து என் அலுவலக நண்பர் ஒருவர் வீட்டுப் புதுமனை புகுவிழா. சமையல்கட்டைக் காட்ட உள்ளே அழைத்துப் போனார். மேடையில் கறுப்புக் கல். நடுவில் ஆறு வளைந்து போவதுபோல ஒரு வெள்ளைக் கோடு. "கட் பீஸில் கிடைச்சது, சல்லிசா முடிஞ்சது" என்று பெருமையாகச் சொன்னார். சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன். ஆனால் அந்தக் கோட்டை நான் மறக்கவும் மாட்டேன். கொடுத்த வடையைத் தின்றுவிட்டு வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்தேன். அடுத்தவர் பில்லையெல்லாம் சரிபார்த்தவன், சொந்தப் பில்லில் கோட்டை விட்டேன்.

அடுத்தது இணைப்பு. முழுக்கல் வாங்கச் சொல்லும் எல்லோரும் வைத்திருக்கும் ஒரே ஆயுதம் இதுதான். "ஜாயிண்ட் வந்தா தண்ணி இறங்கும், கறை பிடிக்கும், பார்க்க நல்லா இருக்காது."

நண்பர்களே, 'ட' வடிவ மேடையில் மூலையில் பெரும்பாலும் இணைப்பு வரும். பத்தடியையும் ஆறடியையும் ஒரே கல்லில் வளைத்து அறுத்து எடுப்பது அபூர்வம். ஆக, முழுப் பலகை வாங்கியவர் வீட்டிலும் பொதுவாக இணைப்பு உண்டு. இணைப்பே கூடாது என்பது வாதமானால் அந்த வாதம் மூலையிலேயே முடிந்துபோகிறது. மிச்சமிருப்பது, ஒரு இணைப்பா இரண்டு இணைப்பா என்ற கேள்விதான். அதற்கா ஒன்பதாயிரம் ரூபாய்?

பலமும் அப்படித்தான். நம் ஊர் மேடையில் கிரானைட் அந்தரத்தில் நிற்பதில்லை. கீழே கான்கிரீட் தட்டோ கடப்பாக் கல்லோ இருக்கிறது. அதன்மேல் கலவை போட்டு அதன்மேல்தான் கிரானைட்டைப் படுக்க வைக்கிறார்கள். பாரத்தைத் தாங்குவது கீழே இருப்பது. மேலே இருப்பது தோல் மாதிரி. ஒழுங்காக விளிம்பை இழைத்து, நெருக்கிச் சேர்த்து, கல்லின் நிறத்துக்கேற்ற எபாக்ஸி பசை போட்டால் தண்ணீர் இறங்காது. வெறும் வெள்ளை சிமெண்டை அப்பினால் முழுக்கல்லின் மூலையிலும்தான் இறங்கும்.

எடையை யாராவது யோசித்தீர்களா? 18 மில்லிமீட்டர் கனமுள்ள கல் சதுர அடிக்குச் சுமார் நாலரைக் கிலோ. பத்தடி நீளம் இரண்டடி அகலத் துண்டு 90 கிலோ. அதில் சிங்க் வைக்க ஓட்டை போட்டதும், ஓட்டைக்கு முன்னும் பின்னும் கை அகலத்துக்கும் குறைவான பட்டைதான் நிற்கும். இதை நாலு பேர் தூக்கி, பழைய வீட்டுக் குறுகலான மாடிப்படியில் திருப்பி ஏற்ற வேண்டும். எங்கே உடையும் என்று சொல்ல ஜோசியர் வேண்டாம்.

என் வீட்டில் அப்படித்தான் உடைந்தது. 1996-ல், முழு விலை கொடுத்து வாங்கிய கல், வாசற்படியைத் தாண்டும்போது சிங்க் ஓரத்தில் 'டக்' என்றது. மேஸ்திரி பசை போட்டு ஒட்டிவிட்டார். வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பால் காய்ச்சினோம். ஆக, இணைப்பு வேண்டாம் என்று முழுக்கல் வாங்கிய நான் இத்தனை வருடமாக ஒட்டுப்போட்ட கல்லில்தான் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றுவரை அந்த ஒட்டு வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. வந்த விருந்தாளி ஒருவரும் அதைக் கண்டுபிடிக்கவும் இல்லை. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அப்படியானால் எதற்காக முழுக்கல்? அந்தக் கடைப் பையன் உண்மையைச் சொல்லிவிட்டான். "சொந்த வீட்டுக்கு யாரும் போட மாட்டாங்க." நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதுதான் விஷயம். நான் படித்தது பிரெஞ்சு மீடியம் என்பது உங்களுக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் இந்த மேடையை 'பிளான் த த்ராவாய்' என்பார்கள். வேலை செய்யும் தளம் என்று அர்த்தம். நாம் 'மேடை' என்கிறோம். மேடை என்று பேர் வைத்ததாலோ என்னவோ, அதில் வேலை நடப்பதை மறந்துவிட்டு வேஷம் கட்ட ஆரம்பித்துவிட்டோம்.

அதே பிரெஞ்சில் 'ஷ்யுத்' என்று ஒரு சொல். பள்ளியில் அதற்கு 'விழுதல்' என்று அர்த்தம் படித்தோம். அருவிக்கும் அந்தச் சொல்தான். துணியையோ மரத்தையோ கல்லையோ வெட்டும்போது மிஞ்சும் துண்டுக்கும் அதே பெயர் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கத்திக்குக் கீழே விழுந்ததால் அந்தப் பெயர். விழுந்தது என்றுதான் பெயரே தவிர, கெட்டது என்று அதில் அர்த்தம் இல்லை.

நம் கடற்கரைக்கே போய்ப் பாருங்கள். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை என்று சொல்வார்கள். வேறொரு இடத்துக்காக அறுத்துச் செதுக்கிய கல். அது இங்கே வந்து நின்று, ஊருக்கே அடையாளமாகிவிட்டது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் யாரும் "இது பழைய கல் ஆயிற்றே" என்று முகம் சுளிப்பதில்லை.

இன்னொன்று. விழுப்புரம் மாவட்டத்துக் குன்னத்தில் எடுக்கும் கறுப்புக் கல்லுக்கு வெளியூரிலும் மதிப்பு. ஊர்ப் பெயரையே சேர்த்து 'குன்னம் பிளாக்' என்றுதான் விற்கிறார்கள். திருவக்கரைக்குக் கல்மரம் பார்க்கப் போனவர்கள் அந்தப் பக்கத்துக் கல்குவாரிப் பள்ளங்களையும் பார்த்திருப்பீர்கள். ஜல்லிக்காகத் தோண்டினாலும் மேடைக் கல்லுக்காகத் தோண்டினாலும் அந்தப் பள்ளம் மறுபடி நிரம்பாது. நெல் அறுத்தால் அடுத்த போகம் உண்டு. கல் அறுத்தால் கிடையாது. அப்படி எடுத்த கல்லை மதில் ஓரத்தில் வெயிலில் போட்டுவிட்டு, இன்னொரு பலகை கொண்டுவா என்று கேட்பதற்கு எனக்கு மனசு வரவில்லை.

சரி, எதிர்க்கட்சிக்கும் நியாயம் சொல்ல வேண்டும். முழுக்கல்தான் சரி என்று நானே சொல்லும் இடங்கள் உண்டு. மூலையே இல்லாத நேர்மேடை என்றால் ஒரே கல் நன்றாக இருக்கும். அலை அலையாகக் கோடு ஓடும் கல்லைப் பிடித்துப்போய் வாங்கினால், துண்டில் கோடு சேராது. மேடைக்குப் போக மீதியில் ஜன்னல் படி, அலமாரித் தட்டு, வாஷ்பேசின் எல்லாம் போடத் திட்டம் இருந்தால் முழுப் பலகை வாங்குவது புத்திசாலித்தனம். ஆனால் மீதியை அன்றைக்கே உங்கள் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்! அண்ணன் தம்பி இருவரும் ஒரே சமயத்தில் கட்டினால் ஒரு பலகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

துண்டு என்றதும் கிடைத்ததையெல்லாம் அள்ளிவராதீர்கள். ஐந்தாறு சின்னத் துண்டாக வாங்கினால், விளிம்பு இழைக்கும் கூலியும் ஒட்டும் கூலியும் சேர்ந்து மிச்சத்தை விழுங்கிவிடும். மூன்று துண்டுக்கு மேல் போகக்கூடாது என்பது என் கணக்கு. மற்றபடி நான் பார்ப்பது இவைதான்.

டேப் வைத்து எல்லாத் துண்டின் கனத்தையும் அளங்கள். ஒன்று 16 மில்லிமீட்டர், ஒன்று 18 என்றால் முன்விளிம்பில் காட்டிக்கொடுக்கும். நிழலில் பார்த்து நிறம் தேறாதீர்கள். துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வெயிலில் வைத்து, ஈரமாகவும் காய்ந்தும் இரண்டு விதமாகப் பாருங்கள். தண்ணீர் ஊற்றித் துடைத்தால், விரிசல் இருந்தால் அந்தக் கோடு மட்டும் ஈரத்தை விடாது. நாணயத்தால் தட்டுங்கள்; நல்ல கல் கணீர் என்னும், விரிசல் கல் அடைத்த தொண்டை மாதிரி பேசும். சாயம் ஏற்றிய கறுப்பும் வருகிறது. வெள்ளைத் துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டுத் தேயுங்கள், துணி கறுத்தால் நடையைக் கட்டுங்கள். இணைப்பு சிங்குக்கு மேல் வரக்கூடாது, அடுப்புக்கு அடியில் வரக்கூடாது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று மார்பிள் துண்டைச் சமையல்கட்டுக்கு எடுக்காதீர்கள். புளியும் எலுமிச்சையும் அதற்கு ஆகாது. கடப்பாக் கல்லும் சுண்ணாம்பு இனம்தான். என் அம்மாவின் அடுப்பங்கரையில் இரண்டு கடப்பாத் துண்டுகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். புளிக்கரைசல் பாத்திரம் வைத்த இடமெல்லாம் வட்டம் வட்டமாக வெளுத்திருக்கும். அந்த வட்டங்களைப் பார்த்தே அம்மா எங்கே நின்று சமைப்பார் என்று சொல்லிவிடலாம். அந்தக் கல்லில் எட்டுப் பேருக்குச் சமையல் நடந்தது. அது துண்டுக்கல் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசியாக ஒன்று. வீட்டில் வைத்துக் கல் அறுத்தால், தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுக்கச் சொல்லுங்கள். மூக்கைக் கட்டிக்கொள்ள ஏதாவது கொடுங்கள். அந்தத் தூசு நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்பி வராது. சிலிக்கோசிஸ் என்று அந்த நோய்க்குப் பெயர். நம் மேடைக்காக அந்தப் பிள்ளை மூச்சுத் திணற வேண்டாம். முழுக்கல் வாங்கினாலும் துண்டு வாங்கினாலும் இதில் மாற்றம் இல்லை.

இவ்வளவையும் மூன்றாம் நாள் ராத்திரி சாப்பிடும்போது என் மகனிடம் ஒரு பிரசங்கமாகவே நடத்தினேன். அவன் விடவில்லை. "அப்பா, நாளைக்கு வீட்டை வித்தா வர்றவன் முதல்ல கிச்சனைத்தான் பார்ப்பான்" என்றான். "விற்கவா கட்டுகிறாய்?" என்றேன். குரல் ஏறிக்கொண்டே போனது.

தோசை வார்த்துக்கொண்டிருந்த மருமகள் திரும்பினாள். "மாமா, முழுக்கல்லா துண்டுக்கல்லான்னு நீங்க ரெண்டு பேரும் மூணு நாளா பேசறீங்க. மேடை எவ்வளவு உயரம் வேணும்னு என்னை யாராவது கேட்டீங்களா? இது முப்பது அங்குலம். நான் ஆறு வருஷமா குனிஞ்சுதான் நிக்கறேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் நல்ல உயரம். சாயங்காலமானால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் மேடைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் மனைவியையும் 1996-ல் நான் இந்தக் கேள்வி கேட்டதாக ஞாபகம் இல்லை. கோட்டைப் பற்றித்தான் பேசினோம், உயரத்தைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு போனோம். மதில் ஓரத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே கல்லைப் புரட்டச் சொன்னாள். உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். அடுப்புப் பக்கம் கறுப்பில் இரண்டு துண்டு, சிங்க் பக்கம் சாம்பல் நிறத்தில் ஒன்று. "ரெண்டு நிறம் இருந்தா இருக்கட்டும் மாமா, சிங்க் பக்கம் தண்ணிக்கறை தெரியாது" என்றாள். இது எனக்குத் தோன்றாத நியாயம். கல்லுக்கு 3,100 ரூபாய் ஆனது. மிச்சப்பட்ட பணத்தில் மேடையை 34 அங்குலத்துக்கு உயர்த்திக் கட்டினோம். ஆழமான நல்ல சிங்க் ஒன்றும் வந்தது.

அதனால் என் வயது நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் வீடு கட்டும்போது நம் கிராஜுவிட்டியில் பாதி அங்கேதான் போகிறது. நாலு பேர் பார்ப்பதற்காகக் கல் வாங்காதீர்கள். அந்த நாலு பேர் வருடத்தில் நாலு நாள்தான் வருவார்கள். அங்கே தினமும் நிற்கிறவளை முதலில் கேளுங்கள். பிறகு மதில் ஓரம் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

"சொந்த வீட்டுக்கு யாரும் போட மாட்டாங்க" என்றானே, நாங்கள் போட்டிருக்கிறோம். சந்தேகம் இருப்பவர்கள் ஒருநாள் சாயங்காலம் வந்து பாருங்கள். காபி உண்டு.